மாலை ஏழு மணிக்கான மின்சாரம்

மாநில மின் விநியோக நிறுவனங்களுக்கு ஒன்றிய மின்துறை அமைச்சகம் 2023 அக்டோபரில் ஓர் இலக்கு வைத்தது. 2029-30ஆம் நிதியாண்டில் அவை வழங்கும் மின்சாரத்தில் 43.33 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வந்தாக வேண்டும். தமிழ்நாட்டுக்கு இது எட்டாக்கனி இல்லை. 1986இலேயே தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலை நிறுவிய மாநிலம் இது. இன்று இங்கே காற்றாலைகளின் திறன் மட்டுமே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சூரிய மின்சாரமும் அதை எட்டிப் பிடித்து நிற்கிறது.

ஆனால் இலக்கு ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது; மின்சாரமோ நொடிக் கணக்கில் செலவாகிறது. எந்த நொடியிலும் உற்பத்தியும் தேவையும் சமமாக இருந்தால்தான் மின்தொகுப்பின் அலைவெண் 50 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். எனவே ஒரு மூலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டுக்கு எத்தனை யூனிட் தரும், யூனிட் என்ன விலை என்று கேட்டால் போதாது. எந்த மாதத்தில், எந்த மணியில் தரும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

பகலின் செல்வம்

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் இயங்கத் தொடங்கிய சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். பரப்பு சுமார் 2,500 ஏக்கர். நம் வெயிலில் ஒரு மெகாவாட் சோலார் பேனல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 16 லட்சம் யூனிட் தரும். புதிதாக அமைக்கும் நிலையங்களில் இதைவிட மலிவானது இன்று வேறில்லை. கோடையில் ஏ.சி.க்கள் ஓடும் நண்பகல் தேவைக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. 2024 மே 2 அன்று மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அப்படிப்பட்ட நாள்களில் சூரியன் பெரும் பாரத்தைத் தாங்குகிறது.

மாலை ஆறரைக்கு அந்தத் தாங்கல் இல்லாமல் போகிறது. அந்த நேரத்தில்தான் வீடுகளில் விளக்கும் டி.வி.யும் ஒருசேர ஓடத் தொடங்கும். இரவு பத்து வரை தேவை இறங்காது. சோலார் பேனல்களை இன்னும் ஆயிரம் மெகாவாட் கூட்டினாலும், சேமிப்பு இல்லாவிட்டால் அந்த மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட்கூடச் சேராது. நண்பகலில்தான் மின்சாரம் மேலும் உபரியாகும்.

ஆரல்வாய்மொழியின் பழைய காத்தாடிகள்

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி கணவாய்கள் வழியே பாய்ந்து வருகிறது. இருட்டிய பிறகும் வீசுவது அதன் பெரிய பலம். நவம்பர் வந்தால் கதை மாறுகிறது. வடகிழக்குப் பருவமழையின் மேகம் சூரியனை மறைக்கிறது, காற்றும் தளர்ந்துவிடுகிறது. ஜூலையில் கைகொடுத்த இருவரும் சேர்ந்தே மெலியும் மாதம் அது. திட்டமிடுபவர்கள் அஞ்ச வேண்டியது அந்த மாதத்து மாலைகளுக்குத்தான்.

ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் சாலையோரம் நின்று பார்த்தால் இரண்டு தலைமுறைக் காற்றாலைகளை ஒரே பார்வையில் காணலாம். 1990களில் நிறுவியவை சுமார் 30 மீட்டர் உயரமும் 225, 250 கிலோவாட் திறனும் கொண்டவை. புதியவை 120 மீட்டருக்கு மேல் எழுந்து, தலா 2 முதல் 3 மெகாவாட் வரை தருகின்றன. காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. நொடிக்கு 5 மீட்டர் வேகம் 6 ஆனால், வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது; ஆற்றலோ 73 சதவீதம் கூடுகிறது. உயரே போனால் வேகமும் கூடும். ஆக, நாட்டிலேயே சிறந்த காற்றுள்ள நிலங்களில் சிலவற்றை வலுக்குறைந்த பழைய எந்திரங்கள் பிடித்துவைத்திருக்கின்றன.

அவற்றை மாற்ற 2024இல் மாநில அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. தடை தொழில்நுட்பத்தில் இல்லை. சிறு சிறு மனைகளில் ஆளுக்கு ஒன்றிரண்டு காற்றாலை வைத்திருக்கும் உரிமையாளர்கள் ஒன்றுகூடி நிலத்தைச் சேர்க்க வேண்டும். துணை மின்நிலையங்களையும் கம்பிப் பாதைகளையும் பலப்படுத்த வேண்டும். புதிய நிலம் தேடி அலைவதைவிட இந்த வேலைக்கே முன்னுரிமை தர வேண்டும் என்பேன்.

மலைமேல் ஒரு சேமிப்பு

கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 1980களின் இறுதியிலிருந்தே 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் இயங்குகிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே உள்ள மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். தேவை கூடும்போது அதே தண்ணீர் இறங்கி, அதே சுழலியைச் சுற்றும். இத்தகைய நிலையங்களில் நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் எழுபத்தைந்து யூனிட் அளவுக்குத் திரும்பக் கிடைக்கும். வீணாகப்போகும் நண்பகல் மின்சாரத்தை மாலைக்கு மாற்ற இந்த இழப்பு பெரிய விலையில்லை. நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம் 500 மெகாவாட் திறனுக்குத் திட்டமிடப்பட்டது. ஒவ்வொரு ஆண்டு தாமதமும் நம் மாலைகளை நிலக்கரியிடமே விட்டுவைக்கிறது. இரண்டு, நான்கு மணி நேரச் சேமிப்புக்கு பேட்டரிகளும் விலை இறங்கி வந்துவிட்டன.

தேவையை நகர்த்துவதும் ஒரு சேமிப்புதான். விவசாய பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரத்தைப் பகலிலேயே முழுமையாகக் கொடுத்தால் உபரிச் சூரிய மின்சாரம் வயலில் தண்ணீராகப் பாயும். நடுநிசியில் மோட்டார் போட வரப்பில் நடக்கும் விவசாயிக்குப் பாம்புப் பயமும் தீரும்.

மன்னார் வளைகுடாவில் கடல் காற்றாலை என்ற வாய்ப்பும் காத்திருக்கிறது. குஜராத்துக்கும் தமிழகத்துக்குமாக தலா 500 மெகாவாட்டுக்கு ஒன்றிய அரசு 2024இல் நிதியுதவி அறிவித்தது. கடலில் காற்று சீரானது; செலவு அதிகம். அந்தக் கடலில் பிழைக்கும் மீனவர்களின் ஒப்புதல் பெற்றுத்தான் முதல் தூணை நட வேண்டும்.

வெறும் சோலார் பேனல்களை அடுக்கியே 43.33 சதவீதத்தை ஏட்டில் எட்டிவிட முடியும். ஆனால் அப்போதும் மாலைத் தேவைக்கு எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் கொதிகலன்கள் எரிந்தபடியே இருக்கும். அவற்றின் சாம்பலைச் சுமப்பவர்கள் அக்கம்பக்கத்துக் குப்பங்களின் மக்கள். ஒவ்வொரு புதிய டெண்டரும் நவம்பர் மாத மாலை ஏழு மணிக்கு எவ்வளவு தரும் என்று அரசு பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். இலக்கு மெய்யாகவே நிறைவேறுகிறதா என்பதை அந்தக் கணக்குதான் காட்டும்.