காண்ட்ராக்ட் தொழிலாளியும் நஷ்டஈடும்

பண்ருட்டிக்கு அண்மையிலுள்ள நெய்வேலியில், 2020-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி, இரண்டாம் அனல் மின்நிலையத்தின் பாய்லர் வெடித்தது. ஆறு தொழிலாளர்கள் அன்றே மாண்டனர். ஆஸ்பத்திரியில் கிடந்தோரிலும் பலர் பின்னர் உயிர் நீத்தனர்.

இத்தகைய விபத்தில், “காண்ட்ராக்டர் ஆளுக்குக் கம்பெனி எவ்வாறு பொறுப்பாகும்?” என்று பலர் மயங்குவர். அப்போது அமலிலிருந்த 1923-ம் வருஷத்து நஷ்டஈட்டுச் சட்டம் அதற்கு விடை கூறியது: தன் தொழிலின் பொருட்டு வேலை வாங்கிய முதலாளியிடமே தொழிலாளி கேட்கலாம், முதலாளி அத்தொகையைக் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டுவதில்லை. தொழிலாளருக்கும் ஸ்திரீகளுக்கும் இலவச வக்கீல் உதவி பெறும் உரிமையை 1987-ம் வருஷத்துச் சட்டம் அளித்திருக்கிறது. தாலுகா கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் குழுவிடம் மனுச் செய்யலாம். வைத்தியச் சீட்டையும் கூலிக் கணக்கையும் பத்திரப்படுத்துக. “போனது போயிற்று” என்று வாளாவிருப்பது, குழந்தைகளின் சோற்றை நாமே தட்டிவிடுவதாகும்.