மன்னார்குடி தந்த சிரிப்பு

திருவாரூருக்குத் தேரழகு, வேதாரண்யத்துக்கு விளக்கழகு, மன்னார்குடிக்கு மதிலழகு என்று தஞ்சைத் தரணியில் ஒரு பேச்சு உண்டு. முத்துப்பேட்டையிலிருந்து வடக்கே பஸ் ஏறி, வயல்களையும் வாய்க்கால்களையும் கடந்து போனால் அந்த மதிலழகைக் கண்ணாரக் காணலாம். ராஜகோபால ஸ்வாமி கோயிலும், ஹரித்ரா நதி என்னும் பெரிய தெப்பக்குளமும் அந்த ஊரின் பெருமைகள். மூன்றாவதாக ஒரு பெருமையும் உண்டு. அதை நினைத்த மாத்திரத்தில் நமக்குச் சிரிப்பு வந்துவிடும். 'ஆச்சி' மனோரமா பிறந்த ஊரல்லவா அது!

1937-ம் வருஷம் மே 26-ந் தேதி பிறந்தவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தகப்பனாரின் ஆதரவு இல்லாமற்போகவே, தாயார் ராமாமிர்தம் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். அங்கே வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். வறுமையினால் சிறுமியின் பள்ளிப் படிப்பு பதினோரு வயதோடு நின்றது.

படிப்பு நின்றால் என்ன? குரல் இருந்தது, துணிச்சலும் இருந்தது. பள்ளத்தூருக்கு வந்த ஒரு நாடகக் குழுவில் நடிகை ஒருவர் விலகிக்கொள்ள, அந்த இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. 'அந்தமான் காதலி' என்ற அந்த நாடகத்தில் கோபிசாந்தா மேடை ஏறினார். நாடகத்தின் டைரக்டரும் ஹார்மோனியக்காரரும் சேர்ந்து 'மனோரமா' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்து, கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் நடித்துப் பெயர் வாங்கினார்.

கதாநாயகியா, ஹாஸ்யமா?

சினிமா அவரை உடனே வரவேற்றுவிடவில்லை. ஒப்பந்தமான ஓரிரு படங்கள் முடிவடையாமலே நின்றுபோயின. 1958-ல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் கிடைத்தது ஹாஸ்ய வேடம். கதாநாயகி கனவோடு இருந்த இளம் பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்? மனோரமா தயங்கினார். கதாநாயகிகள் சில வருஷங்களில் மறைந்துவிடுவார்கள், ஹாஸ்யத்தில் நின்றால் நெடுங்காலம் நிலைக்கலாம் என்று கவிஞர்தாம் தைரியம் சொன்னார் என்று பிற்காலத்தில் மனோரமாவே நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

கவிஞர் வாக்குப் பலித்தது. 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்துப் பார்த்தார். ஆனால் ஜனங்கள் அவரை விரும்பியது சிரிப்புக்காகத்தான். என்.எஸ்.கிருஷ்ணனுக்கு டி.ஏ.மதுரம் போல, நாகேஷுக்கு ஜோடி மனோரமா என்று கொட்டகைகளில் பெயர் நிலைத்தது.

ஹாஸ்ய நடிகைக்குக் கதையில் கிடைக்கிற இடமோ கொஞ்சம். இரண்டு பாட்டுக்கு நடுவே வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போக வேண்டும். அந்த நாலு வார்த்தையை எப்படிப் பேசுவது என்பதில்தான் மனோரமாவின் சாமர்த்தியம். செட்டிநாட்டுப் பேச்சு வளர்ந்த ஊரில் தானாக வந்தது. 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் சென்னைக் கொச்சையிலே தாமே பாடி அமர்க்களப்படுத்தினார். 'சின்னக் கவுண்டர்' (1992) படத்தில் துருத்திய பல்லோடு கொங்குநாட்டுத் தாயாக வந்து நின்றார். எந்த ஊர்ப் பேச்சானாலும் அந்த ஊர்ப் பெண்ணே வாய் திறந்தது போல இருக்கும்.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) நினைவிருக்கிறதா? சிக்கல் நாயனக்காரருக்கும் திருவாரூர் நாட்டியக்காரிக்கும் நடக்கும் கதை. சிவாஜி கணேசன், பத்மினி என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே, நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாக வந்தார் மனோரமா. குலுக்கும் மினுக்கும் பார்த்துக் கொட்டகை சிரித்தது. கூர்ந்து பார்த்தால், நாயனத்தின் அருமை தெரிந்த ஒரு கலைஞி, தன்னையும் நாலு பேர் மதிக்க மாட்டார்களா என்று ஏங்குவது தெரியும். நாடக மேடையிலேயே வளர்ந்தவருக்கு அந்த ஏக்கத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சொந்த வாழ்க்கையில் சிரிப்புக்குப் பஞ்சம்தான். 1964-ல் நடந்த திருமணம் இரண்டே வருஷத்தில் பிரிவில் முடிந்தது. தாயாரைப் போலவே மகளும் தனியாக நின்று பிள்ளையை வளர்த்தார். மேக்கப் போட்டுக்கொண்டு படப்பிடிப்புக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை.

கண்ணம்மாவும் மற்றவர்களும்

1986-ல் விசு எடுத்த 'சம்சாரம் அது மின்சாரம்' படத்து வேலைக்காரி கண்ணம்மாவை எந்தக் குடும்பம்தான் மறந்திருக்கும்? வீட்டுப் பெரியவர்களுக்கே வழி தெரியாமற்போன சண்டைக்குள் அவள் புகுந்து வாயாடும்போது வயிறு புண்ணாகிறது. ஆனால், வீட்டு வேலை செய்து பிழைத்த ஒரு தாயின் மகள் அந்த வேடத்தில் நிற்கிறார் என்று தெரிந்தால், கண்ணம்மாவின் நிமிர்ந்த முதுகுக்குக் காரணமும் புரிந்துவிடும்.

பிரிட்டனில் 'காரனேஷன் ஸ்ட்ரீட்' என்றொரு டெலிவிஷன் தொடர் 1960-ல் ஆரம்பமாயிற்று. முதல் நாளிலேயே அதில் தோன்றிய வில்லியம் ரோச் என்ற நடிகர், அரை நூற்றாண்டுக்கு மேல் அதே ஒரு வேடத்தில் நடித்து உலக சாதனை செய்தவர். நம் ஆச்சியின் சாதனை நேர் எதிர்: ஒரே முகம், ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள்! அவருக்கும் கின்னஸ் புத்தகத்தில் இடம் கிடைத்தது. பிற்காலத்தில் டெலிவிஷன் தொடர்களிலும் நடித்து நம் கூடத்துக்கே வந்துவிட்டார். அண்ணாதுரை, கருணாநிதி இருவரோடும் மேடையில், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் மூவரோடும் படத்தில் என ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு.

'புதிய பாதை' (1989) படத்துக்காகத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. 2002-ல் பத்மஸ்ரீ வந்தது. 2015 அக்டோபர் 10-ந் தேதி, 78-வது வயதில் சென்னையில் அவர் மறைந்தார்.

அடுத்த முறை டெலிவிஷனில் கண்ணம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கும்போது வாய்விட்டுச் சிரியுங்கள். சிரித்து ஓய்ந்ததும், கைக்குழந்தையோடு மன்னார்குடியை விட்டுப் புறப்பட்டாரே, அந்த ராமாமிர்தத்தையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.