கட்டாய வேலையும் அதன் சாட்சிகளும்

ஒருவரை அவர் இசைவின்றிப் பற்றிக்கொண்டுபோய், தக்க கூலியும் உணவும் ஓய்வுமின்றி வேலை வாங்குதலே கட்டாய வேலை எனப்படும். இஃது அடிமை வாணிகம் நடந்த பழங்காலத்தோடு ஒழிந்ததென்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மை அஃதன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் ஐரோப்பாவிலும் ஸயாமிலும் நடந்தவற்றை முதலிற் கூறி, பின்னர் நம் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையைக் குறித்து ஒரு விண்ணப்பம் செய்ய விரும்புகின்றோம்.

போலந்து தேசத்துப் பீல்ஸ்கோ நகரில் 1924-ஆம் வருஷம் பிறந்தவர் கெர்டா வைஸ்மன் என்னும் யூதப் பெண்மணி. 1939-இல் நாஜி ஜெர்மானியர் அந்நகரைக் கைப்பற்றினர். 1942-இல், பதினெட்டு வயதில், அவர் பெற்றோரினின்றும் பிரிக்கப்பட்டு நெசவாலை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார். யூத குலத்தை அழிப்பதே நாஜிகளின் நோக்கம். வேலை செய்யும் வலிமை உள்ளவரையில் சிலருக்கு அவ்வழிவு தாமதித்தது, அவ்வளவே. 1945 ஜனவரியில் ருஷியப் படை நெருங்கவே, கைதிப் பெண்களைப் பனியினூடே நூற்றுக்கணக்கான மைல் நடத்திச் சென்றனர். வழியில் பெரும்பாலோர் மடிந்தனர். பிரியுங்காலத்துத் தந்தை வற்புறுத்தி அணியச் செய்த உறுதியான பாதரட்சைகள் கெர்டாவின் கால்களைக் காத்தன. மே மாதத்தில் அமெரிக்கப் படையினர் மீட்டபோது அவர் எடை ஏறக்குறைய 31 கிலோ. தாய், தந்தை, தமையன் மூவரும் மீண்டிலர். அவ்வம்மையார் 1957-இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டு, 2022-இல் காலமானார்.

அதே வருஷங்களில் நம் தமிழரும் பெருங்கொடுமைக்கு ஆளாயினர். கள்ளக்குறிச்சி தாலுகா அடங்கிய பழைய தென்னார்க்காடு ஜில்லாவினின்றும், திருச்சி, தஞ்சை, சேலம் முதலிய ஜில்லாக்களினின்றும் ஏழை உழவர் பலர், கங்காணிமார் சொல்லை நம்பி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மலேயா ரப்பர்த் தோட்டங்களிற் குடியேறியிருந்தனர். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மாவிலிருந்த தம் படைகளுக்குக் கடல்வழியே பொருள் அனுப்புதல் ஆபத்தாயினமையின், ஸயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டினூடே 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில்பாதை அமைக்க அவர்கள் துணிந்தனர். முதலில் நல்ல கூலியும் குறுகிய தவணையும் கூறித் தோட்டத் தொழிலாளரை அழைத்தனர். போனவர் திரும்பாமையால் ஆள் கிடைப்பது அரிதாகவே, பின்னர்ப் பலவந்தமாகப் பிடித்தனர். சரக்கு வண்டிகளில் அடைபட்டுச் சென்றோருள் பெண்டிரும் சிறுவரும் இருந்தனர்.

1943-ஆம் வருஷத்து மழைக்காலத்தில் முகாம்களிற் காலரா பரவியது. மலேரியாவும் சீதபேதியும் ஆறாப் புண்களும் பசியும் அதனோடு சேர்ந்தன. அவ்வருஷம் அக்டோபர் 17-இல் இருபுறத்துத் தண்டவாளங்களும் இணைந்தன. நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேரில் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர் முதலிய ஆசியத் தொழிலாளருள் 80,000 முதல் 1,00,000 பேர் வரை இறந்ததாக மதிப்பிடுகின்றனர். போர்க்கைதிகளுக்குள் வைத்தியரும் அதிகாரிகளும் இருந்தனர். நீரைக் காய்ச்சிக் குடிக்கவும், நோயாளரை ஒதுக்கி வைக்கவும், இறந்தோர் பெயரை மறைவாக எழுதி வைக்கவும் அவர்களால் இயன்றது. தோட்டத்தினின்று வந்தோர்க்கு இவற்றுள் ஒன்றுமில்லை. ஆகவே காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக அமைந்தன. ஆசியத் தொழிலாளருடையவை எனக் கருதப்படும் எலும்புகளோ 1990-இல் அவ்வூர்க் கரும்புக் கொல்லையொன்றிற் குவியலாகத் தோண்டியெடுக்கப்பட்டன.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. கெர்டா அம்மையார் எழுதினமையால், அவரோடு நடந்து வழியில் வீழ்ந்த தோழியரையும் உலகம் அறிந்தது. ஸயாமிலிருந்து மீண்ட தமிழ்ப் பெண்களுள் எழுத்தறிந்தோர் சிலரே. உரிய காலத்தில் அவர்களை நாடிக் கேட்டெழுதினோரும் சிலரே. துயரம் இரு பாலும் பெரிது. சாட்சி ஒருபால் மட்டுமே நிலைத்தது.

கட்டாய வேலைக்கு யுத்தம் வேண்டுவதில்லை என்பதற்கு நம் மலையே சான்று. 1976-ஆம் வருஷம் அரசாங்கம் ஏற்கும் வரையில் கல்வராயன் மலை ஜாகீர்தார் மூவர் வசம் இருந்தது. மலையாளி எனப்படும் பழங்குடியினர் அவர்களுக்குக் கூலியின்றி வெட்டிவேலை செய்துவந்தனர். 1950-இல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு இதனை விலக்கியிருந்தும், அவ்விலக்கு மலையேறக் கால் நூற்றாண்டாயிற்று. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அந்த 1976-இலேயே நிறைவேறியது. இதனை யூதர் அடைந்த படுகொலையோடு நாம் ஒப்பிடவில்லை. எழுதி வைப்பாரின்றிப் போனால் இதுவும் மறையும் என்பதையே கூறுகின்றோம்.

மாணவ நண்பர்களே! ஸயாம் சென்று மீண்டோர் ஏறக்குறைய எல்லாரும் மறைந்துவிட்டனர். 1976-க்கு முன் வெட்டிவேலை செய்த முதியோரும் மூதாட்டியரும் மலையூர்களில் இன்னும் இருக்கின்றனர். அடுத்த விடுமுறையில் அவர்களிடம் சென்று, திண்ணையில் அமர்ந்து கேளுங்கள்: எத்தனை நாள் அழைத்தனர்? மறுத்தால் என்ன நேர்ந்தது? கைக்குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்? அவர்கள் இசைவைப் பெற்று, அவர்கள் சொல்லியவாறே எழுதுங்கள். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டிப் பிழை திருத்திக்கொண்டு கீழே இறங்குங்கள்.