தம்பியைக் கொன்றது பராகுவேயில். நஷ்டஈடு தீர்ப்பு நியூயார்க்கில்!

குற்றம் நடந்தது ஒரு நாட்டில். கொன்றவரும் அந்த நாட்டுக்காரர். செத்தவரும் அந்த நாட்டுக்காரர். அதற்கு அமெரிக்க கோர்ட்டில் வழக்கா? "நடக்கிற காரியமா?" என்றுதான் யாரும் கேட்பார்கள். நடந்தது!

தென் அமெரிக்காவில் உள்ள பராகுவே நாட்டை அப்போது ஆண்டவர் சர்வாதிகாரி ஸ்ட்ரோஸ்னர். அவரை எதிர்த்தவர் டாக்டர் ஜோயல் பிலார்டிகா. 1976-ம் ஆண்டு மார்ச் மாதம் டாக்டரின் மகன் ஜோயலிட்டோ (வயது 17) கடத்தப்பட்டான். அன்று இரவே அக்காள் டாலியை போலீஸ் அதிகாரி பெனியாவின் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே கிடந்தது தம்பியின் பிணம்! உடம்பெல்லாம் சித்ரவதைக் காயம்.

டாக்டர் உள்ளூர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். அவருடைய வக்கீலையே பிடித்துப் போய், சுவரோடு சங்கிலியால் கட்டி மிரட்டினார்களாம். பின்னாளில் மனுவில் சொல்லப்பட்டது இது.

புரூக்ளினில் சிக்கினார்

1978-ல் டாலி அமெரிக்கா வந்தார். அதே ஆண்டு பெனியாவும் விசிட்டர் விசாவில் வந்து, கெடு முடிந்தும் திரும்பாமல் நியூயார்க் புரூக்ளினில் தங்கிவிட்டார். சேதி டாலி காதுக்கு எட்டியது. 1979 ஏப்ரலில் குடியேற்ற அதிகாரிகள் பெனியாவைப் பிடித்தார்கள். நாடு கடத்துவதற்குள் நஷ்டஈடு கேட்டு வழக்கு!

வக்கீல்கள் தூசி தட்டி எடுத்தது 1789-ம் ஆண்டு சட்டம். சர்வதேச சட்டத்தை மீறி இழைத்த தீங்குக்கு வெளிநாட்டார் அமெரிக்க கோர்ட்டில் வழக்குப் போடலாம் என்கிறது அது. கீழ்க்கோர்ட்டில் கேஸ் தள்ளுபடி. பெனியாவும் ஊர் போய்ச் சேர்ந்தார்.

ஆள் போயாச்சு, கேஸ் போகவில்லை. 1980 ஜூன் 30-ந் தேதி அப்பீல் கோர்ட்டு தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. அந்தக் காலத்துக் கடல் கொள்ளைக்காரன் மாதிரி, சித்ரவதை செய்கிறவனும் மனித குலத்துக்கே எதிரி என்றது.

1 கோடி டாலர்

1984-ல் விதித்த நஷ்டஈடு 1 கோடியே 3 லட்சத்து 85 ஆயிரத்து 364 டாலர். வசூலானது? ஒரு காசு கூட இல்லை. இது சிவில் வழக்கு, ஜெயிலும் கிடையாது. ஆனாலும் இந்தக் கேஸைப் பிடித்துக்கொண்டுதான் பிலிப்பைன்ஸ் மார்கோஸ் ஆட்சியில் அடிபட்டவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள்.

2013-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு குறுக்கே நின்றது. நைஜீரியர்கள் எண்ணெய்க் கம்பெனி மீது போட்ட வழக்கில், முழுக்க வெளிநாட்டில் நடந்ததற்கு 1789 சட்டம் செல்லாது என்று சொல்லிவிட்டது.

சித்ரவதைக்காரர்களுக்கு என்று 1992-ல் வந்த தனிச்சட்டம் மட்டும் இருக்கிறது. உள்ளூர் கோர்ட்டை முதலில் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். 10 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆள் அமெரிக்காவில் கால் வைத்தால், கையிலேயே சம்மன் கொடுக்கலாம்.