சுரங்கத்தில் எந்த சிம்முக்கு லைன்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் கைப்பேசிக் கடைக்கு சிம் வாங்க வரும் தம்பிமார் பெரும்பாலும் உணவகத்திலோ கட்டட வேலையிலோ இருப்பவர்கள். ஊரில் அம்மாவோடு பேச மலிவாக இருந்தால் போதும் அவர்களுக்கு. கடப்பிதழைக் காட்டிப் பதிவு முடிந்ததும் கேட்பார்கள்: "அண்ணே, எல்.ஆர்.டி. கீழ போறப்போ இதுல லைன் இருக்குமா?"

நியாயமான கேள்வி. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கே.எல். சென்ட்ரல் வரும்வரை எனக்கு வானம் தெரியும். அங்கிருந்து எல்.ஆர்.டி. கிளானா ஜெயா தடத்தில் ஏறினால் பாசார் செனி தாண்டியதும் ரயில் மண்ணுக்குள் இறங்கிவிடும். மஸ்ஜிட் ஜாமெக், டாங் வாங்கி, கம்போங் பாரு, கே.எல்.சி.சி., அம்பாங் பார்க் என ஐந்து நிலையங்கள் தரைக்கடியில். 1999-இல் இவ்வளவுதான். 2017-இல் எம்.ஆர்.டி. காஜாங் தடம் 9.5 கிலோமீட்டர் சுரங்கத்தோடு வந்தது. 2023-இல் புத்ராஜெயா தடம் இன்னொரு 13.5 கிலோமீட்டரைச் சேர்த்தது.

கோபுரத்திலிருந்து வரும் அலை மண்ணையும் கான்கிரீட்டையும் துளைத்துச் சுரங்கத்துக்குள் போகாது. அதனால் சுரங்கச் சுவரோரம் தடித்த கேபிள் ஒன்றை நீளத்துக்கும் இழுக்கிறார்கள். அதன் வெளி உறையில் அங்கங்கே பிளவுகள் விட்டிருக்கும். தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாய் போல, அலை அவற்றின் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ரயில் பெட்டிக்குள் சேரும். போகப் போக அலை மெலியும். அதிர்வெண் கூடினால் இன்னும் சீக்கிரம் மெலியும். ஆகவே இடையிடையே அதற்கு வலுவூட்ட வேண்டும்.

ஒரே கேபிளில் எத்தனையோ கம்பெனிகளின் அலை போகலாம். நிலையத்துக் கருவி அறையில் எல்லாவற்றையும் இணைத்து அனுப்பும் சாதனம் உண்டு. சிக்கல் செலவில் இருக்கிறது. கருவி, அறை வாடகை, மின்சாரம், கடைசி ரயில் போன பிறகு கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் செய்யும் வேலை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். கோடிக்கு மேல் வாடிக்கையாளர் உள்ள கம்பெனிக்கு அது சுமையாகத் தெரியாது. சிறிய கம்பெனிக்குத் தெரியும்.

சிறியது என்பதிலும் இரண்டு வகை. ரெட்ஒன், 2009-இல் வந்த டியூன் டாக் போன்றவற்றுக்குச் சொந்தக் கோபுரம் கிடையாது. பெரிய கம்பெனியான செல்கோமின் கட்டமைப்பில் ஓடியவை; 2022 இறுதியில் செல்கோமும் டிஜியும் இணைந்த பிறகு செல்கோம்டிஜியில் ஓடுகின்றன. அடுத்த வகை யூ மொபைல், யெஸ் போல, பெரியவர்களுக்குப் பின்னால் வந்து சொந்தமாகக் கட்டியவை. யூ மொபைல்கூட 2011-இல் பெரிய கம்பெனியான மேக்சிஸோடு கட்டமைப்புப் பகிர்வு ஒப்பந்தம் போட்டது. முதல் வகை, அடியில் இருக்கும் கம்பெனியின் அலை எட்டுகிற இடத்தை நம்பியிருக்கிறது. இரண்டாம் வகை, சுரங்கத்துக்குள் இடம்பிடிக்கத் தானே பணம் கட்ட வேண்டும். அதனால் சிம்மின் பெயரைவிட, அது யார் கோபுரத்தில் ஓடுகிறது என்று கேளுங்கள் என்பேன்.

கனடாவின் டொரோண்டோவில் கதை தலைகீழாக நடந்தது. அங்கே சுரங்க ரயிலில் கைப்பேசி வசதி அமைக்கும் உரிமையை 2012-இல் பிஏஐ என்ற நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு 2.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பெரிய கம்பெனிகள் மூன்றும் சேர மறுத்தன. 2015-இல் சேர்ந்தது விண்ட் என்ற சிறிய கம்பெனி மட்டும். பிறகு அது ஃப்ரீடம் என்று பெயர் மாறியது. பல ஆண்டுகள் சுரங்கத்தில் அந்த மலிவு சிம்மில்தான் பேச முடிந்தது. 2023-இல் அந்தப் பெரிய மூன்றில் ஒன்றான ரோஜர்ஸ் பிஏஐயின் கனடாக் கிளையை வாங்கியதும் அரசாங்கம் தலையிட்டு, எல்லா வாடிக்கையாளருக்கும் லைன் கிடைக்க வேண்டும் என்று உரிமத்திலேயே நிபந்தனை எழுதியது. லண்டனில் 2021-இல் ஒரே நிறுவனத்திடம் இருபதாண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். அது கேபிள் போடும். கம்பெனிகள் அதில் இணையும்.

ஆக, மண்ணைவிட ஒப்பந்தம்தான் பெரிய தடை. தரைக்கு மேல் ஆளுக்கொரு கோபுரம் கட்டிப் போட்டி போடட்டும், நமக்கு விலை குறையும். சுரங்கத்தில் ஆளுக்கொரு கேபிள் போட இடம் கிடையாது. அங்கே எல்லாருக்கும் பொதுவான ஒன்றே சரி.

2021 மே 24 இரவை நினைத்துப் பார்க்கிறேன். கம்போங் பாருவுக்கும் கே.எல்.சி.சி.க்கும் இடையே சுரங்கத்துக்குள் இரண்டு ரயில்கள் மோதின. ஒன்றில் 213 பயணிகள். 47 பேருக்குப் பலத்த காயம். உள்ளே நடந்ததைப் பயணிகளின் கைப்பேசிப் படங்கள்தாம் ஊருக்குச் சொல்லின. 999 அழைப்பு எந்தக் கம்பெனியின் அலை கிடைத்தாலும் அதில் ஏறிப் போகும். சொந்த லைன் தேவையில்லை. ஆனால் "நான் உயிரோடு இருக்கேன்" என்று வீட்டுக்குச் சொல்ல சொந்த லைன் வேண்டும். பத்து ரிங்கிட் டாப்-அப் போடுகிறவனுக்கும் வீடு இருக்கிறது.

நகரைச் சுற்றி வரப்போகும் எம்.ஆர்.டி. 3 வட்டத் தடம் ஏறக்குறைய 51 கிலோமீட்டர். அதிலும் ஒரு பகுதி தரைக்கடியில். குழி தோண்டும் முன்பே அதன் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: கேபிள் எல்லாக் கம்பெனிக்கும் திறந்திருக்க வேண்டும், கட்டணம் வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். அதோடு, எந்த நிலையத்தில் எந்தக் கம்பெனிக்கு லைன் உண்டு என்ற பட்டியலைத் தொடர்பு பல்லூடக ஆணையம் வெளியிட்டால், என் கடைச் சுவரில் முதலில் ஒட்டுவேன்.