தவசிப் பூனையும் தயிர்சாதமும்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசைப் பார்த்திருப்பீர்கள். பெரிய யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள்! பல்லவ நாட்டுச் சிற்பிக்குப் பூனையைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சென்ற மாதம் செம்பரம்பாக்கத்தில் ஒரு பூனையைப் பார்த்தேன். இது வேஷமில்லை; நிஜமாகவே சைவம். ஏரிக்குச் சற்றுத் தள்ளி, மூன்றாவது மாடி வீடு. மகன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயர். ஜீவகாருண்யத்தினால் பால், தயிரைக்கூட விட்டுவிட்டவர். பூனைக்கு மட்டும் அம்மா தயிர்சாதம் பிசைந்து போடுவார். மகன் சோயா வேகவைத்துப் போடுவார். இப்படி இரண்டு வருஷம்.

"ஜன்னல் திண்டுக்கு ஒரே தாவாகத் தாவுமே, சார்! இப்போ சுவரிலே போய் முட்டிக்கிறது" என்றார் அந்த அம்மாள்.

கால்நடை டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணின் உட்புறம் கெட்டுவிட்டது. போன பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டாராம்.

"எங்கள் பாட்டி வீட்டுப் பூனை தயிர்சாதம் தின்றே பத்து வருஷம் இருந்ததே!" என்கிறீர்களா? இருந்திருக்கும். பகலில் தயிர்சாதம், ராத்திரியில் எலி, பல்லி, பக்கத்து வீட்டுக் கருவாடு! பாட்டிக்குத் தெரியாமல் அது தன் வைத்தியத்தைத் தானே பார்த்துக்கொண்டது. மூன்றாவது மாடியில் கதவைச் சாத்தி வளர்க்கிற பூனை எந்த எலியைத் தேடிப் போகும்?

பூனைக்கு வேண்டிய ஒரு சத்துக்கு 'டாரின்' என்று பெயர். காளையின் பித்தத்தில் முதன்முதலில் கிடைத்ததால், காளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். நம் உடம்பு இதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடம்பு போதுமான அளவு தயாரிக்காது. இறைச்சியிலும் மீனிலும் உண்டு. அரிசி பருப்பில் தேடினால் கிடைக்காது.

சரி, பால் இருக்கிறதே? 1975-ல் அமெரிக்காவில் ஹேய்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்கிறது. பாலிலிருந்து எடுத்த கேசீன் புரதத்தைக் கொடுத்து வளர்த்த பூனைகளுக்கு விழித்திரை அழிந்தது. காரணம் டாரின் குறைவு. 1987-ல் கலிபோர்னியாவில் இன்னொன்றும் தெரிந்தது: இதே குறையால் பூனையின் இருதயம் வீங்கித் தளர்ந்துவிடும். நல்லவேளையாக, டாரின் கொடுத்தால் பல பூனைகளின் இருதயம் தேறிவிடுகிறது.

டாரின் மட்டுமல்ல. முருங்கைக் கீரையையும் காரட்டையும் நாம் தின்றால் உடம்பு அவற்றிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்ளும். பூனையால் அதுவும் முடியாது. இன்று டாரினை ரசாயன முறையில் செய்கிறார்கள். அது போன்ற சத்துக்களைச் சேர்த்த சைவப் பூனை உணவும் வெளிநாடுகளில் விற்கிறது. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் அதை நம்பி இறங்க நான் யோசனை சொல்ல மாட்டேன். வீட்டுச் சமையலை நம்பி இறங்குவது அதைவிட மோசம்.

மகனின் சங்கதி வேறு. அரிசி, பருப்பு, கீரை, எள், வேர்க்கடலை சாப்பிட்டு மனிதன் திடமாக வாழலாம். ஒன்றே ஒன்று இடிக்கும்: வைட்டமின் பி-12. நாளைக்கு வேண்டியது சுமார் 2 மைக்ரோகிராம்தான். கிராமில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு! பால், தயிரில் இருக்கிறது. அதையும் விட்டவர்களுக்குத் தாவர உணவில் நம்பிக்கையான வழி கிடையாது. 1980-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் மனிதனின் சிறுகுடலிலுள்ள நுண்ணுயிர்கள் சில பி-12 உண்டாக்குவதைக் காட்டினார்கள். ஆனால் அதை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது. ஈரலில் உள்ள சேமிப்பு சில வருஷம் தாங்கும். அதனால்தான் ஆபத்து தெரிவதில்லை. பிறகு சோகை, பாதத்தில் மதமதப்பு, ஞாபக மறதி. நரம்பு ரொம்பக் கெட்டபின் மாத்திரை போட்டால் முழுக்கச் சரியாகும் என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே போட்டால் தீர்ந்தது.

"உங்களுக்குக் கால் மதமதப்பு உண்டா?" என்று அந்த மகனைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அம்மாள்தான், "ராத்திரியிலே காலை உதறிண்டே இருப்பான்" என்றார். மறுநாளே ரத்தப் பரிசோதனைக்குப் போவதாக மகன் ஒப்புக்கொண்டார்.

பூனைக்கு? "மீன் வேகவைத்துப் போடலாம், வெந்த தண்ணீரையும் கொட்டாமல் கொடுக்க வேண்டும், டாரின் அதில் இறங்கியிருக்கும்" என்றேன்.

"என் அடுப்பிலேயா?" என்று அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார்.

கடைசியில் கடையில் விற்கும் இறைச்சி கலந்த பூனைத் தீனி வந்தது. பின்பக்கத் தாழ்வாரத்தில், மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. வேளைக்கு ஒரு கரண்டி. அம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் போடுகிறார். பூனை மோப்பம் பிடித்து, சுவரை உரசிக்கொண்டே வந்து, கிண்ணத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிடுகிறது.