தலைவியின் கூலியை யார் தருவது?

2001 ஜனவரியில் டெல்லியில் நடந்த ஸ்திரீ சக்தி விருது விழாவில், பிரதமர் வாஜ்பாய் குனிந்து ஒரு பெண்மணியின் காலைத் தொட்டு வணங்கினார். மதுரையை அடுத்த பில்லுசேரி கிராமத்து விவசாயக் கூலித் தொழிலாளி சின்னப்பிள்ளை அவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் களஞ்சியம் சுய உதவிக் குழுக்களில் பெண்களைத் திரட்டி, கந்துவட்டிக்காரர்களிடமிருந்து பல குடும்பங்களை மீட்டவர். 2019இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. 2024 மார்ச்சில், மத்திய அரசின் திட்டத்தில் தருவதாகச் சொன்ன வீடு இன்னும் வரவில்லை என்று அவர் சொன்னது செய்தியாகி, அதன் பிறகே மாநில அரசு ‘கலைஞர் கனவு இல்லம்’ திட்டத்தில் வீடு கட்டித்தர உத்தரவிட்டது.

நாடறிந்த ஒருவருக்கே இந்த நிலை என்றால், விருது மேடையை எட்டாதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பட்டா கேட்டு, குடிநீர் கேட்டு, மதுக்கடையை மூடச் சொல்லி ஊரைத் திரட்டுகிறவர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் வேலையைப் புகழ ஆள் உண்டு; அந்த வேலைக்குப் பணம் ஒதுக்கத்தான் ஆளில்லை.

சுய உதவிக் குழுவின் ஊக்குநர் ஒருவர் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு கொடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவருக்கு ஒரு தொகை, ஜெராக்ஸுக்கு ஒரு தொகை, கூட வந்தவர்களுக்கு டீ, வடை. வரிசையில் நின்று மனுவைக் கொடுத்து ரசீது வாங்கி வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். அன்றைய கூலி போச்சு. அடுத்து தாலுகா ஆபீஸிலிருந்து விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். இன்னொரு நாள் கூலியும் போகும். இந்தச் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. அந்தக் குடும்பத்தின் அரிசிப் பானையில்தான் அது தெரியும். இரண்டு மூன்று வருடத்தில் திறமையான பெண்கள் பலர் ஒதுங்கிக்கொள்வதற்கு ஆர்வக் குறைவு காரணமல்ல, இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

பணமே இல்லையா? இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம், 1,000 கோடி விற்றுமுதல், 500 கோடி நிகர மதிப்பு ஆகியவற்றில் ஒன்றை எட்டும் நிறுவனங்கள், மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்கு (சிஎஸ்ஆர்) செலவிட வேண்டும். ஆனால் அதை ஓர் அமைப்பின் வழியாகச் செய்வதென்றால், அந்த அமைப்பு பதிவு பெற்ற டிரஸ்ட், சங்கம் போன்றதாக இருக்க வேண்டும்; வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும்; மூன்றாண்டு அனுபவம் காட்ட வேண்டும்; 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர்-1 படிவத்திலும் பதிந்திருக்க வேண்டும். ஆடிட்டரும் அலுவலகமும் உள்ளவர்களுக்கே இது எட்டும். கழிப்பறை, வகுப்பறை, தையல் இயந்திரம் போன்ற எண்ணிக் காட்டக்கூடிய பொருட்களுக்குப் பணம் எளிதில் வரும். பத்துத் தெருக்களின் சண்டையைத் தீர்த்து ஒரே மனுவில் கையெழுத்து வாங்கியதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வெளிநாட்டு நிதியின் வழி 2020இல் இன்னும் குறுகியது. அதற்கு முன் பெரிய தொண்டு நிறுவனங்கள் நிதியைப் பெற்று, அனுமதி பெற்ற சிறிய கிராம அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்துவந்தன. அந்த ஆண்டு வந்த வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத் திருத்தம், ஓர் அமைப்பு பெற்ற நிதியை இன்னோர் அமைப்புக்கு மாற்றுவதையே தடைசெய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. முறைகேட்டைத் தடுக்கவே இந்தத் திருத்தம் என்றது அரசு. கண்காணிப்பு தேவைதான். ஆனால் தவறே செய்யாத சின்ன அமைப்புகளின் வாய்க்காலும் சேர்ந்தே அடைபட்டுவிட்டது.

இந்தியாவுக்கு வெளியேயும் இதே கதைதான். 2021 கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், காடுகளைக் காக்கும் பழங்குடி மக்களின் நில உரிமைக்கென 170 கோடி டாலர் தருவதாக அரசுகளும் அறக்கட்டளைகளும் அறிவித்தன. முதலாண்டு கொடுத்த தொகையில் 7 சதவீதம்தான் அந்த மக்களின் அமைப்புகளுக்கு நேரடியாகப் போனதாக, நிதி தந்தவர்களின் அறிக்கையே ஒப்புக்கொண்டது.

திட்டத்துக்கு அல்லாமல் ஆளுக்கே பணம் கொடுக்கும் முறையும் உண்டு. 1980இல் பில் டிரேட்டன் தொடங்கிய ‘அசோகா’ அமைப்பு, தேர்ந்தெடுக்கும் நபருக்குச் சில ஆண்டுகள் வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகை தந்து, அவர் முழுநேரமும் தன் பணியைப் பார்க்க வழிசெய்கிறது. பேரரசர் அசோகரின் பெயரைத் தாங்கிய அந்த அமைப்பு முதலில் ஆட்களைத் தேர்ந்தெடுத்ததும் இந்தியாவில்தான். சென்னைக்கு அருகே குத்தம்பாக்கத்தின் இளங்கோ 2002இல் அப்படித் தேர்வானார். பொறியாளர் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி, 1996இல் ஊராட்சித் தலைவரானவர் அவர். தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகளைத் தன் ஊரில் கட்டச் செய்து, பிறகு மற்ற ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி தரும் அமைப்பையும் உருவாக்கினார். ஆனால் இத்தகைய ஃபெல்லோஷிப்புக்குப் பல கட்ட நேர்காணல் உண்டு. தன் யோசனையை எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும். கைநாட்டு வைக்கும் ஒரு தலைவி அந்த வாசலைத் தாண்டுவது கடினம்.

இன்னொரு வழி, மக்களே பணம் போடுவது. 1974இல் அகமதாபாத்தில் எலா பட் தலைமையில், சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவின் பெண்கள் 4,000 பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென ஒரு வங்கியைத் தொடங்கினார்கள். அப்படி வரும் பணத்துக்குத் தலைவி உறுப்பினர்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும். அதைவிட நல்ல தணிக்கை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் வறுமை மிகுந்த ஊரில், தலைவியின் நேரத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் அளவுக்கு அந்தப் பணம் திரளாது.

அரசும் இத்தகைய பெண்களை நம்பித்தான் இருக்கிறது. 2005இல் தொடங்கிய, ஊர்களில் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா திட்டத்தின் பெண்கள் தன்னார்வலர் என்ற பெயரில் வேலை செய்கிறார்கள். செய்யும் பணிக்கேற்ப ஊக்கத்தொகை. 2022இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது அளித்தது. 2025 பிப்ரவரியில் கேரளத்தின் ஆஷா பணியாளர்கள் மதிப்பூதியத்தை உயர்த்தக் கேட்டு திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது.

நிதி தர நினைப்பவர்கள் செய்யக்கூடியது கடினமானதல்ல. ஊராட்சி அளவிலான குழுக் கூட்டமைப்புக்கோ, பதிவு பெற்ற உள்ளூர் சங்கத்துக்கோ, குறைந்தது மூன்று வருடத்துக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். தலைவியின் பஸ் செலவு, போன் ரீசார்ஜ், இழந்த கூலி ஆகியவற்றுக்கென்றே அது இருக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதைக் குழுக் கூட்டத்தில் உறுப்பினர்களே முடிவுசெய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதட்டும். ஆங்கிலத்தில் இருபது பக்க அறிக்கை கேட்பதற்குப் பதில், வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு நேரில் போய் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்தால் போதும்.